காகம் தேடிச் சென்ற சதுப்பு

என் மனைவியின் தலைத்திவசத்தன்று காகம் வரவில்லை.

மூவாரில் அது வியப்புக்குரிய செய்தியன்று. அந்நாளில் அவ்வூரில் நம் ஊர்க் காகம் கிடையாது. கழுத்தில் சாம்பல் பூசிக்கொண்டு, கூரைக்குக் கூரை தாவி, வீட்டுப் பிள்ளையைப்போல் உரிமை கொண்டாடும் அந்தப் பறவையை வடக்கே கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள் என்றும், அங்கே அது பெருகிவிட்டது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஜொகூர் வரை அது இறங்கி வரவில்லை. இங்கே இருந்தது முழுக் கறுப்பான, தடித்த அலகுடைய அண்டங்காக்கை. அதுவும் ஊருக்குள் நுழையாமல் ஆற்று முகத்துவாரத்து அலையாத்திக் காடுகளிலேயே காலம் கழித்தது.

என் மனைவி இதை நன்கு அறிந்தவள். அறிந்தும், மூவாருக்குக் குடிவந்த நாள் முதல், உலை இறக்கியதும் ஒரு பிடி சோற்றை அடுக்களைச் சுவரின்மேல் வைப்பதை அவள் நிறுத்தவில்லை. மைனாக்களும் அணில்களும் தின்றன. “வீட்டுக்காரங்களுக்கு வெச்சா வாடகைக்கு இருக்கறதுங்க வந்து தின்னுட்டுப் போகுதுங்க” என்பாள். மறுநாளும் வைப்பாள்.

அன்று அதே சுவரின்மேல் அவளுக்கான இலை இருந்தது. எங்களுக்கு ஆண் மக்கள் இல்லாமையால் நானே சடங்குகளைச் செய்தேன். நடுப்பகலுக்கு முன் பண்டாரம் முடித்துவிட்டார். நாங்கள் கொல்லைப்புறத்தில் நின்று காத்திருந்தோம். இரண்டு மைனாக்கள் வந்தன; என் மகள் கைதட்டி அவற்றை விரட்டினாள். மறுபடியும் வந்தன, மறுபடியும் விரட்டினாள்.

அவள் எங்கள் ஒரே மகள். ரயில் இலாகாவில் வேலை பார்க்கும் கணவனோடு லாயாங் லாயாங்கில் குடியிருந்தாள். கருவுற்று, வயிறு வெளியே தெரியத் தொடங்கியிருந்த சமயம் அது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட அருந்தவில்லை. காகம் எடுத்த பிறகே வீட்டார் உண்பது என்ற வழக்கத்தை அவள் அன்று அணுவளவும் தளர்த்துவதாக இல்லை.

பண்டாரம் அனுபவசாலி. “இல்லாத பறவைக்கு எங்கம்மா போறது? மாட்டுக்குக் கொடுத்துடலாம். இல்ல, ஆத்துல விட்டுடலாம். ரெண்டுக்கும் இடமிருக்கு” என்றார்.

“மாடு பதில் சொல்லாது, சாமி” என்றாள் என் மகள்.

அவள் கருதியது இதுதான். காகம் சோற்றைத் தொடாவிட்டால், இறந்தவருக்கு நிறைவேறாத விருப்பம் ஒன்று எஞ்சியிருப்பதாக நம்மவர் கொள்வர். அப்போது வீட்டார் ஒவ்வொருவராக இலையின் முன் நின்று, இன்னதைச் செய்கிறோம், இன்னாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். உரிய வார்த்தை வந்ததும் காகம் இறங்கும். சிறுவயதில் பல வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் கூட்டம் விலகுகிறது, கூட்டம் விலகியதும் பறவை இறங்குகிறது என்று அப்போதே எனக்குள் நினைத்ததுண்டு.

என் மனைவியின் விருப்பம் எது என்பதில் எங்களில் எவருக்கும் ஐயமில்லை. கடைசி நாட்களில் அவள் அதை மகளிடமும், தன் தம்பியிடமும் சொல்லியிருந்தாள். “அவரைத் தனியா விட்டுடாதீங்க.” அவ்வளவே. அப்போது நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்து ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். மூவார் வீட்டைக் காலி செய்துவிட்டு லாயாங் லாயாங்குக்கு வந்துவிடும்படி மகள் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘பார்க்கலாம்’ என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வும் பெற்றாயிற்று. ஊரில் எனக்கு வேலை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அலமாரியில் அவள் கடைசியாக மடித்து வைத்த சேலைகள் மடிப்புக் குலையாமல் இருந்தன. அதை ஒரு காரணமாக மகளுக்கு எழுத இயலாது.

“அப்பா, காக்கா எடுக்காம நான் சாப்பிட மாட்டேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவன். கணக்கு எழுதுவதும், விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவன் தொழில். எதையும் உடனே செய்துவிட வேண்டும் என்னும் சுபாவம்.

“காக்கா நம்ம கிட்ட வராட்டி நாம காக்கா கிட்டப் போலாம், அத்தான். கோலாப் பக்கம் நான் பாத்திருக்கேன். தொப்பிய எடுங்க” என்றான். கோலா என்பது முகத்துவாரம்.

அவனோடு விவாதிப்பதைவிட நடப்பது எளிதாயிருந்தது. மகள் மற்றோர் இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், எள்ளுருண்டை, நடுவில் ஒரு வடை எல்லாம் வைத்து மடித்து, பித்தளைத் தூக்கில் இறக்கிக் கொடுத்தாள். மைத்துனன் அதை வாங்கிக்கொண்டான். நான் தொப்பியையும் குடையையும் எடுத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் கடல் வரை ஒரு பரிட் செல்கிறது. ஜொகூரின் மேற்குக் கரை முழுவதும் இத்தகைய வாய்க்கால்களால் கோடிடப்பட்டது. சதுப்பில் தேங்கும் நீரைக் கடலுக்கு வடிப்பதற்காகச் சாவகக் குடியானவர்கள் வெட்டியவை. வெட்டி எடுத்த மண்ணே இருபுறமும் கரையாகி, ஒருவர் பின் ஒருவராக நடக்க இடம் தருகிறது. அந்தக் கரைமேல் நடந்தோம். ஆனி மாதத்து வெயில். சில வாரங்களாக மழை இல்லாததால் கரை மண் வெடித்து, தரை கெட்டியாயிருந்தது. வாய்க்கால் நீர் மட்டும், அடியில் ஊறிய இலைமட்கினால், பால் விடாத தேநீரின் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

கல்லூரியில் நான் படித்தது இயற்கை நூல். பிற்பாடு அதனால் எனக்கு யாதொரு பயனும் ஏற்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளமும் கணிதமும் கற்பித்தேன். ஆனாலும் கண்ணுக்கு ஒரு முறை பழகிவிட்டால் அது தானே வேலை செய்கிறது. அன்று நான் கண்டவற்றை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடிகிறது. துயரத்தில் கண் மங்கும் என்பார்கள். எனக்கு அவ்வாறு நேரவில்லை. அந்த ஓராண்டில் நான் எல்லாவற்றையும் மிகத் தெளிவாகவே பார்த்தேன்.

வாய்க்காலில் அல்லிகள் கூம்பியிருந்தன. அவை இரவில் மலர்ந்து முற்பகலிலேயே மூடிக்கொள்வன. நாங்கள் காலம் தவறி வந்தவர்கள். வள்ளைக்கொடி நீர்மேல் படர்ந்து, ஊதாவும் வெண்மையும் கலந்த புனல்போன்ற பூக்களை நிமிர்த்தியிருந்தது. கரையின் ஓரம் செண்டுடுக் புதர்கள். அதன் பூ ஐந்து இதழ்களையுடையது, ஆழ்ந்த ஊதா. மகரந்தக் காம்புகளில் பாதி மஞ்சளாயும் பாதி ஊதாவாயும் வளைந்திருக்கும். வண்டுகள் மஞ்சளானவற்றையே நாடுகின்றன. சிவப்புத் தும்பி ஒன்று எங்களுக்கு முன்னால் ஒவ்வொரு நாணலாக அமர்ந்து, நாங்கள் நெருங்கியதும் அடுத்ததற்குச் சென்றது.

“இந்தப் பூவுக்கு என்ன பேர், அத்தான்?” என்று மைத்துனன் கேட்டான். வேலியோரம் ஒரு நீலப் பூ.

“தமிழில் தெரியாது. லத்தீனில் ஒரு பெயர் உண்டு.”

“அப்ப லத்தீன்லயே இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு என்ன, பொண்ணா பாக்கப் போறோம்?”

தூக்கைக் கை மாற்றிக்கொண்டான். பிறகு, “பிள்ளை மயக்கம் போட்டுடும் அத்தான். முகம் வெளுத்துக் கெடக்குது” என்றான்.

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

கானாங்கோழி ஒன்று வெள்ளை மார்பைக் காட்டிக்கொண்டு கரையைக் குறுக்கே கடந்தது. அதன் பின்னால் கரிய பஞ்சுத் துண்டுகளைப்போல் குஞ்சுகள். கடைசிக் குஞ்சு வெடிப்பு ஒன்றில் விழுந்து, முயன்று, ஏறிக் கடந்தது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குஞ்சு வந்து சேரும்வரை புதருக்குள் நுழையவும் இல்லை.

தென்னைகள் முடிந்து நீப்பா தொடங்கும் இடத்தில் நீரின் மணம் மாறுகிறது. உவர்ப்பு ஏறி, அழுகிய இலையோடு உப்பின் வாடையும் சேர்கிறது. நீப்பா தண்டில்லாத பனை. சேற்றிலிருந்தே ஓலைகள் நேராக எழும்பும். அங்கே ஒரு மலாய்க்காரர் இடுப்பளவு சேற்றில் நின்று கூரை வேய்வதற்கு ஓலை வெட்டிக்கொண்டிருந்தார். மைத்துனன் அவரிடம் மலாயில் காகம் பற்றி விசாரித்தான். மலாயில் அதற்குக் காகாக் என்று பெயர். நாமும் அவர்களும் அதன் குரலைக் கேட்டே பெயரிட்டிருக்கிறோம்.

“காகாக்? அடா!” உண்டு என்று சொல்லி அவர் கத்தியால் கடற்பக்கம் காட்டினார். அங்கே சீனர் மீன் உலர்த்தும் களம் இருப்பதாகவும், காகங்கள் அங்கேதான் தொல்லை கொடுப்பதாகவும் சொன்னார். எதற்கு என்று கேட்டார்.

“சோறு போட.”

அவர் எங்கள் இருவரையும், தூக்கையும், என் தொப்பியையும் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, ஊரெல்லாம் அதை விரட்ட வழி தேடுகிறது, நீங்கள் விருந்துக்கு அழைக்கிறீர்களே என்றார். மைத்துனனும் சிரித்தான். “சொந்தக்காரங்க, தோக்” என்று, அவரைத் தாத்தா என விளித்து, தமிழும் மலாயும் கலந்து அவன் சொன்னது அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையசைத்துவிட்டு வெட்டத் தொடங்கினார்.

மீன் களத்தை மணத்தால் முதலில் அறிந்தோம். மரக்கால்கள்மேல் நீண்ட பரண்கள். அவற்றில் பாய் விரித்து நெத்திலி உலர்த்தியிருந்தார்கள். ஒரு காகத்தையும் காணவில்லை. காரணம் பரணின் மூலையிலேயே இருந்தது. ஒரு கழியின் நுனியில், கால்களைக் கட்டித் தலைகீழாக, செத்த காகம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அதை நெருங்கிப் பார்த்தேன். இறக்கைகள் விரிந்து கீழே தொங்கின. வெயிலில் இறகுகள் கறுப்பாகவன்றி, நீலமும் ஊதாவுமாக மின்னின. அலகு சற்றே திறந்திருந்தது. அலகின் அடியிலுள்ள மயிர்கள், நெற்றியின் செங்குத்தான வளைவு எல்லாம் அது அண்டங்காக்கை என்பதை உறுதிப்படுத்தின. வால் இறகுகளில் ஒன்று புதிதாய் முளைத்துக்கொண்டிருந்தது. தன் இனத்தின் பிணம் கண்ட இடத்தைக் காகங்கள் அணுகுவதில்லை என்பது உழவர்கள் எங்கும் கண்டறிந்த உபாயம்.

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அத்தான், வந்துடுங்க. அதப் போய் அப்படிப் பாக்காதீங்க.”

களத்து முதலாளியான சீனத் தவ்க்கே, காகம் விரட்டத் தட்டும் தகரத்தோடு வந்தார். வயதானவர். வேட்டி கட்டிய ஒருவனும் தொப்பி அணிந்த ஒருவனும் தன் மீனருகே நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மைத்துனன் செய்தியைச் சொன்னதும் கோபமே வந்தது. நான் ஒன்றைக் கட்டி நூற்றை விரட்டியிருக்கிறேன், நீ சோறு போட்டு மறுபடி கூட்டி வருவாயா என்று கரடுமுரடான மலாயில் கேட்டார்.

“பினி மாத்தி” என்று மைத்துனன் என்னைக் காட்டினான். பெண்டாட்டி இறந்துவிட்டாள் என்று பொருள். ஓராண்டு, இன்றைக்குச் சோறு, என்று விரல்களாலும் விளக்கினான்.

அந்தச் சொல்லை அதுவரை எவரும் என்னைச் சுட்டி அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்த அனுதாபங்கள் நீளமானவை.

தவ்க்கே தகரத்தைக் கீழே வைத்தார். செத்தவர்களுக்குச் சோறு வைப்பது அவர் குலத்திலும் உண்டு. பரணடியிலிருந்து சாக்கு ஒன்றை எடுத்துப்போய், தொங்கிய காகத்தின்மேல் போர்த்தினார். பிறகு மோவாயால் கடல் முனையைக் காட்டினார். நீர் வற்றும்போது அவை அங்கே நண்டு பொறுக்கும். நீர் ஏறப் போகிறது, விரைந்து போங்கள் என்றார்.

அலையாத்திக் காட்டுக்குள் வழி என்று ஒன்று இல்லை. கழுதைமுள்ளிப் புதர்கள் தொடக்கத்திலேயே மறித்தன. இலையின் விளிம்பெல்லாம் முள். ஆனால் பூ மென்மையானது, மங்கிய நீலம், ஒரே ஒரு இதழ் கீழ்நோக்கி மடங்கியது, மேலிதழ் இல்லை. அவற்றினூடே நீர்ப்பருத்தி மரம் ஒன்று சாய்ந்து பூத்திருந்தது. அதன் மஞ்சள் மலர் காலையில் விரிந்து, மாலைக்குள் செம்மண் நிறமாகி, இரவில் உதிரும். கீழே சேற்றில் நேற்றைய மலர்கள் சிவந்து கிடந்தன. கிளை என் தொப்பியில் இடித்ததால் கையால் விலக்கினேன். விலக்கிய கையோடு ஒரு பூவைப் பறித்துச் சட்டைப்பையில் வைத்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

உள்ளே செல்லச் செல்ல, தரையிலிருந்து விரல்களைப்போல் மூச்சுவேர்கள் நிமிர்ந்திருந்தன. அவற்றுக்கிடையே சேற்றில் துள்ளும் மீன்கள், இரு துடுப்புகளையும் கைகளாக ஊன்றி, துருத்திய கண்களோடு எங்களைப் பார்த்துவிட்டுத் தாவின. ஒற்றைக் கொடுக்குப் பெருத்த நண்டுகள் வளை வாயில்களில் நின்று அந்தக் கொடுக்கை ஏந்தி இறக்கிக்கொண்டேயிருந்தன. யாரையோ வா என்று அழைப்பதுபோன்ற அசைவு. பெண் நண்டை ஈர்ப்பதற்கானது அது. பல நண்டுகள் எந்தப் பெண்ணும் அருகில் இல்லாமலேயே அழைத்துக்கொண்டிருந்தன.

காடு முடிந்து சேற்று வெளி திறந்தது. தொலைவில் கடல் ஈயத்தகடாகத் தெரிந்தது. மொட்டைத் தலைப் பெருநாரை ஒன்று, மேலங்கியணிந்த நியாயாதிபதியின் தோரணையில், தன் நிழலருகே நின்றிருந்தது. அதற்கு அப்பால், நீரின் விளிம்பில், கறுப்புப் புள்ளிகள்.

“அதோ!” என்றான் மைத்துனன். கை நீட்டிக் காட்டினான்.

கரை ஒதுங்கிய பெரிய அடிமரம் ஒன்று சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. அதன்மேல் இலையை விரித்தோம். மைத்துனன் வடையை எடுத்துச் சோற்றின் உச்சியில் வைத்தான். சில அடிகள் பின்வாங்கி நின்றோம். காகங்கள் தலையைத் திருப்பின. ஒன்று எழும்பி, பாதித் தூரம் வந்து, வட்டமிட்டுத் திரும்பிவிட்டது.

“தொப்பியக் கழட்டுங்க, அத்தான். அக்காவுக்கே அந்தத் தொப்பி பிடிக்காது.”

அது உண்மை. கழற்றினேன்.

“நீங்க கூப்பிடுங்க.”

“கூப்பிட்டு வருகிற பறவை அல்ல அது.”

“நான் கூப்பிடறேன்” என்றவன் கையை வாயருகே குவித்து, பெரட்டில் கூப்பிடும் தொண்டையோடு, “கா! கா! கா!” என்று அலறினான். பெருநாரை கனத்த இறக்கைகளை விரித்து எழும்பிப் போயிற்று. காகங்களும் இன்னும் சற்று அப்பால் சென்று அமர்ந்தன.

“அலமாக்! கிராணி கூப்பிட்டா ஆளுங்கதான் வருவாங்க போல” என்று முணுமுணுத்தான். பிறகு முகம் மாறிற்று. அடிமரத்தின் முன் போய்க் கைகட்டி நின்றான். “அக்கா, நான் இன்னியோட கள்ளு குடிக்கறத விட்டுடறேன். சத்தியமா. வந்து சாப்பிடு.”

காற்று மட்டும் வீசியது. ஒரு காகம் எதையோ விழுங்கித் தலையை உதறியது.

“நம்பல” என்றான் என் பக்கம் திரும்பி. “முன்னாடியும் ரெண்டு தடவ சொல்லிட்டேன், அதான்.”

சிரிப்பு எனக்கு வந்தது. அவன் அக்காள் இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்பது தெளிவாகத் தெரிந்ததால் வந்த சிரிப்பு அது. அதனாலேயே அது நீடிக்கவில்லை.

நீர் ஏறத் தொடங்கியிருந்தது. அவ்விடத்தில் அது அலையாக வருவதில்லை; சேற்றின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக ஓசையின்றி நிரம்புகின்றன. நண்டுகள் வளைகளை உருட்டிய மண்ணால் அடைத்துக்கொண்டன. காகங்கள் மேயும் பட்டை குறுகிக்கொண்டே வந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவை எழுந்து காட்டுக்குள் போய்விடும். அடிமரமும் இலையும் நீரில் மூழ்கும். நாங்கள் வெறுந்தூக்கோடு திரும்புவோம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். பொய் சொல்லலாம். மைத்துனன் நன்றாகவே சொல்லுவான். அவள் என்னைத்தான் கேட்பாள்.

“அத்தான்,” என்றான் மைத்துனன் மெதுவாக. இப்போது விளையாட்டு இல்லை. “அக்கா எதுக்கு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.”

“நீ காட்டோரம் போய் நில்.”

“சொல்வீங்களா?”

“போய் நில், தம்பி.”

அவன் போனான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுவேர்களை மிதிக்காமல், திரும்பித் திரும்பிப் பார்த்தவாறு சென்றான்.

நான் அடிமரத்தின் அருகே போனேன். சோற்றின்மேல் எறும்பு ஒன்று எப்படியோ ஏறியிருந்தது. என் மனைவியை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் தலைமுறையில் எவரும் அழைத்ததில்லை. ‘கேட்டியா’ என்பதே நான் அவளை விளிக்கும் சொல். அடுக்களையில் இருந்தாலும், கொல்லையில் இருந்தாலும், அந்தச் சொல்லுக்கு வந்துவிடுவாள். ஓராண்டாக அதை உச்சரிக்க எனக்குத் தேவை ஏற்படவில்லை.

“கேட்டியா” என்றேன்.

குரல் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்தது. அப்புறம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. “அவகூடப் போய் இருக்கேன். பிரசவத்துக்கு முன்னாடியே போயிடறேன். இந்த வீட்டை விட்டுடறேன்.” இன்னொன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் திரும்பிக் காட்டோரம் நடந்தேன். மைத்துனன் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்தே அறிந்தேன், பின்பு திரும்பினேன்.

ஒரு காகம் அடிமரத்தின் மறுமுனையில் இறங்கியிருந்தது. பக்கவாட்டில் தத்தித் தத்தி நெருங்கியது. இலையின் விளிம்பைக் கொத்தி, பின்வாங்கி, மறுபடி நெருங்கி, கழுத்தை நீட்டி வடையை எடுத்தது. அது வாய் கொள்ளாத அளவாயிருந்தும் கீழே போடவில்லை. அப்படியே எழும்பி, தாழப் பறந்து, எங்கள் இடப்புறமாகக் காட்டுக்குள் மறைந்தது. அதன் பின் மற்றவை வந்தன. சோறு, பருப்பு, எள்ளுருண்டை என்று பேதமில்லாமல் தின்றன.

மைத்துனன் முழங்காலில் கைகளை ஊன்றி அழுதான். நான் தொப்பியை அணிந்துகொண்டேன்.

நான் சொன்னதும், நான் விலகியதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. எது காரணம் என்று பிரித்துக் காட்டக்கூடிய சோதனை எதுவும் அங்கே செய்யப்படவில்லை.

திரும்பும் வழியில் மீன் களத்தைக் கடந்தபோது சாக்கு அகற்றப்பட்டிருந்தது. தவ்க்கே கை தூக்கி வினவினார். மைத்துனன் இரு கைகளாலும் சிறகடித்துக் காட்டினான். அவர் தலையசைத்துவிட்டு நெத்திலியைத் திருப்பிப் போடலானார். நீப்பா வெட்டியவர் போய்விட்டிருந்தார். கட்டிய ஓலைகள் படகில் இருந்தன. கானாங்கோழியின் குரல் புதருக்குள் கேட்டது, பறவை தென்படவில்லை. பரிட்டில் நீர் இப்போது எதிர்த்திசையில், ஊரை நோக்கி, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

“என்ன சொன்னீங்க, அத்தான்?”

“சோறு இருக்கிறது என்றேன்.”

“ஆமா, அதுக்குத்தான் இவ்வளவு நேரம்” என்றான். 

மகள் கொல்லைப்புறக் கதவில் நின்றாள். உட்கார வைக்க யாரும் முயன்றிருக்க மாட்டார்கள். முயன்றிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

“எடுத்துச்சாப்பா?”

“எடுத்தது.”

“எதை?”

“வடையை முதலில்.”

அவள் தன் மாமனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. “நீங்க என்ன சொன்னீங்க?”

அங்கே சேற்றில் நான் சொன்னது எவர் காதிலும் விழவில்லை. இப்போது ஒன்றும் சொல்லவில்லை என்று மறுத்தாலும் அந்த வாக்கை என்னிடம் திருப்பிக் கேட்கக்கூடியவர் ஒருவரும் இருக்கவில்லை.

“அம்மாவோட தகரப் பெட்டி எங்க இருக்கு?” என்று கேட்டேன். “சேலையெல்லாம் அதுலயே வச்சு எடுத்துக்கலாம். மடிப்புக் கலையாம பாத்துக்க.”

அவள் என் தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு உள்ளே போனாள். பெட்டி இழுபடும் ஓசைக்காகக் காத்திருந்தேன். பாத்திரங்கள் வைக்கும் ஓசையே கேட்டது. மூவருக்கும் இலை போட்டு, மாமனுக்குப் பரிமாறி, எனக்குப் பரிமாறி, தானும் அமர்ந்தாள். முதல் கவளத்தை விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

“மாமா இன்னியிலருந்து கள்ளு குடிக்கிறதில்லன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கு” என்றான் மைத்துனன் வாயில் சோற்றோடு.

“அம்மா என்ன சொல்லிச்சு?”

“சிரிச்சிருக்கும்.”

“அதான பாத்தேன். ரசம் ஊத்தட்டா மாமா?”

சாப்பிட்டு எழுந்து சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து நீர்ப்பருத்திப் பூ விழுந்தது. பறித்தபோது மஞ்சளாயிருந்தது முற்றிலும் சிவந்துவிட்டிருந்தது. மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தன் தாயின் படத்தின் அடியில் வைத்தாள். காட்டுப் பூவை என் மனைவி ஒருநாளும் பூசைக்கு ஏற்றதில்லை. அன்று யாரும் அதை நினைவுபடுத்தவில்லை.

லாயாங் லாயாங் ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர். அவ்வூர்ப் பெயர் மலாயில் தகைவிலான் குருவியைக் குறிக்கும். அவை அங்கே மாலைதோறும் தந்திக் கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. காகம் அங்கும் கிடையாது. என் மனைவியின் திதி வரும்போதெல்லாம் மகள் கிணற்றடிச் சுவரில் இலை வைக்கிறாள். மைனாக்கள் வந்து எடுத்துப்போகின்றன. இப்போது அவள் அவற்றை விரட்டுவதில்லை. அவை தின்று முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட வாங்கப்பா” என்கிறாள். நானும் போய் அமர்கிறேன்.